பிளாங்க் மாறிலியில் ஒன்றரை குறைந்த கதை

கத்தரிக்காய் விற்கிறவருக்கு ஒரு வசதி உண்டு, சரக்கு கண்ணுக்குத் தெரியும். கல்லூரி இயற்பியல் லேபுகளுக்குச் சாமான் விற்கும் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அன்னவாசலில் என் வீட்டு முன்னறைதான் கடை. முதலில் ஊர் ஊராகப் போய் எவர்சில்வர் பாத்திரம் தவணைக்கு விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூட வாசலில் "டெஸ்ட் டியூப் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாததால் "நாளைக்கு வரும்" என்றேன். அது கண்ணாடிக் குழாயிலிருந்து லென்ஸுக்கும், லென்ஸிலிருந்து லேசருக்கும், லேசரிலிருந்து குவாண்டத்துக்கும் ஏறிவிட்டது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டவள் நான். ஆனால் பேரத்தில் என்னைக் கவிழ்த்தவரை இன்னும் பார்க்கவில்லை. கோபம் மட்டும் கொஞ்சம் வரும். கொஞ்சம் என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரரிடம் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

சரக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வாசல் ஏறி, ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்காமல் விலையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்குப் பழக்கம்தானே.

பூச்சியத்துக்கு என்ன விலை?

குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் தாளாளர் கல் குவாரியில் சம்பாதித்தவர். ஜல்லி லாரி எடை மேடையில் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். எம்.எஸ்ஸி. இயற்பியல் ஆரம்பித்திருந்தார். அங்கே பாடம் நடத்தும் ஜெனிபர் மிஸ், பிளாங்க் மாறிலியை அளக்கும் பெட்டி ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று தாளாளர் கேட்க, மிஸ் விளக்கினார். வெளிச்சம் குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகி வருவதில்லை, ஷாம்பு மாதிரி பாக்கெட் பாக்கெட்டாகத்தான் வரும். அரை பாக்கெட் கிடையாது. ஒரு பாக்கெட்டில் எவ்வளவு சக்தி என்பது அதன் நிறத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் எங்கேயும் எப்போதும் மாறாமல் வருகிற எண்தான் பிளாங்க் மாறிலி, ஆறு புள்ளி ஆறு. குவாண்டம் என்றால் இவ்வளவுதானா என்று எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. பாக்கெட்டை உடைத்துச் சில்லறையாகத் தராத வியாபாரி யாராக இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.

மிஸ் அதோடு நிறுத்தியிருக்கலாம். நேர்மையான பெண், முழு எண்ணையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஒரு பூச்சியம், ஒரு புள்ளி, அதற்குப் பிறகு முப்பத்து மூன்று பூச்சியம், அதற்கு அப்புறம்தான் அந்த ஆறு. பலகையில் இடம் போதாமல் கடைசிப் பூச்சியங்கள் மரச்சட்டத்தில் ஏறின. தாளாளர் என் விலையில் கால்வாசியிலிருந்து பேச்சை ஆரம்பித்தார். நான் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். அப்படிப் போகாவிட்டால் அது பேரமே இல்லை. கடைசியில் முக்கால் விலைக்கு இறங்கினேன், என் கணக்கில் அதுதான் முழு விலை. ஆர்டரில் கையெழுத்துப் போடும்போதும் அவர் கண் கரும்பலகையை விட்டு நகரவில்லை.

"ஏம்மா, இம்புட்டுப் பூச்சியத்துக்கு அப்புறம் ஒரு ஆறுன்னா, நான் குடுக்குற காசுல பாதிக்கு மேல பூச்சியத்தையில்ல வாங்குறேன்?"

மடியில் வெற்றிடம்

பெட்டி திருச்சியிலிருந்து வந்தது. அதன் உயிரே உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடி பல்புதான். அதிலிருந்து காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்திருப்பார்கள். ஆட்டக் கூடாது, தட்டக் கூடாது, தூக்கி வைக்கும்போது மூச்சுக்கூட மெதுவாக விடுங்கள் என்று கம்பெனிக்காரர் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார். புதுக்கோட்டையில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து நின்றார்.

"என்னக்கா பொட்டி? லக்கேஜ் போடணுமே."

"கனமெல்லாம் இல்ல தம்பி. உள்ள ஒரு கண்ணாடி பல்பு. அதுக்குள்ள ஒண்ணுமே கெடையாது, காத்துகூட இல்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?"

"ஆடுனா ஒடைஞ்சிரும்யா!"

"என்னக்கா ஒடையும்? அதான் ஒண்ணுமில்லங்கிறீங்களே?"

எனக்கு வந்த கோபத்தில் முன் சீட்டில் தூங்கியவர் எழுந்து இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று கேட்டார். கீரனூர் வரைக்கும் சண்டை நடந்தது. விராலிமலைக்குப் போகிற ஓர் அம்மா என் பக்கம் பேசினார், இலுப்பூர்க்காரர் ஒருவர் கண்டக்டர் பக்கம். கடைசியில் கண்டக்டரே தீர்ப்புச் சொன்னார்.

"முழு டிக்கெட்டு போட்டா ஒங்களுக்கு அநியாயம், போடாட்டி கவர்மெண்டுக்கு அநியாயம், அதனால ஒண்ணுமில்லாததுக்கு ஒரு அரை டிக்கெட்டு எடுத்துக்கங்கக்கா."

லாரிக் கணக்கு

பெட்டியில் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அந்த பல்பு. நடுவில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். வெளிச்சம் பட்டதும் பல்புக்குள் எலக்ட்ரான் கிளம்பும். சிவப்பில் சோம்பலாக வரும், நீலத்தில் துள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் அதைத் தடுத்து நிறுத்த எத்தனை வோல்ட் ஆகிறது என்று பார்த்துக் கோடு போட்டால், கோட்டின் சரிவிலிருந்து மாறிலி வந்துவிடும். வெளி வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட உள்ளே கலக்கக் கூடாது. அதனால் பல்பின் தலைக்கு மேல் ஒரு கறுப்பு மூடி உண்டு. இதெல்லாம் மிஸ் சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தது. அடுத்த கல்லூரியில் விற்க வேண்டாமா?

முதல் நாள் மிஸ் அளந்தபோது ஆறு புள்ளி ஐந்து வந்தது. இந்தப் பெட்டிக்கு அது தங்கமான அளவு என்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானோ ஆறு புள்ளி ஆறு என்று சொல்லித்தானே விற்றிருக்கிறேன்? குறைந்த ஒரு பாயிண்டுக்குத் தாளாளர் விலையில் கை வைப்பார் என்று, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ பெரிய மனசு பண்ணிக் கையை ஆட்டினார்.

"பரவால்ல விடுங்கம்மா, லோடு வர்ற வழியில கொஞ்சம் சிந்தத்தான் செய்யும்."

சாமிக்கு வழி

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. பொரிகடலை வாங்கிக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள், போனேன். மிஸ் லீவில் ஊருக்குப் போயிருந்தார். லேபை முத்துக்கருப்பன் அண்ணன் ஆண்டுகொண்டிருந்தார். அவர் லேப் அசிஸ்டெண்ட், பழனிக்கு வருஷா வருஷம் நடக்கிறவர். பூஜை என்று வந்துவிட்டால் எதையும் விட மாட்டார். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, தீயணைக்கும் சிலிண்டருக்கு மாலையே போட்டிருந்தார்.

என் பெட்டிக்கு வந்தபோது மூடியைக் கழற்றி எடுத்தார். மூடி உட்காருகிற விளிம்பைச் சுற்றிக் கைநிறையச் சந்தனம், நடுநடுவே குங்குமம். சூடம் காட்டிவிட்டு அப்படியே மூடியை வைத்து, அதன் மேலும் ஒரு பொட்டு. "அண்ணே, அதை எதுக்குத் தொறக்குறீங்க?" என்று கேட்டேன். இவ்வளவு படித்தவர்கள் நடுவில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியவில்லையே என்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

"மூடி போட்ட பொட்டிக்குள்ள சரசுவதி எங்கிட்டு வழியாம்மா போவா?"

எடைக் குறைவு

கொஞ்ச நாள் கழித்துத் தாளாளரிடமிருந்து போன். எடுத்ததும் "ஏம்மா, அஞ்சு புள்ளி ஒண்ணுதான் இருக்கு" என்றார். எது என்றேன். "மாறிலி. ஆறு புள்ளி ஆறுன்னு பேசித்தான குடுத்தீங்க? சிந்துனதுக்கு ஒரு பாயிண்டு போகட்டும்னு விட்டேன். இப்ப முழுசா ஒன்னரை கொறையுது." அடுத்த பஸ்ஸில் போய் நின்றேன். மிஸ் நிறக் கண்ணாடிகளைத் துடைத்துப் பார்த்திருந்தார், வயரை மாற்றியிருந்தார், வேறு மீட்டரும் போட்டுவிட்டார். அசையவில்லை, அதே அஞ்சு புள்ளி ஒண்ணு. பெட்டியில் அங்கங்கே காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்கப் போனால் முத்துக்கருப்பன் அண்ணன் குறுக்கே விழுந்தார், சாமிக்கு வைத்ததைத் தானாக உதிரும்வரை தொடக் கூடாதாம்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு லேபைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் அளவு சரியாக வராவிட்டால் எம்.எஸ்ஸி.க்கு அனுமதி நீடிக்காது. மிஸ்ஸைக் கல்லூரியின் நர்சரிப் பள்ளிக்கு மாற்றி ரைம்ஸ் சொல்லிக் கொடுக்கப் போடுவேன் என்று தாளாளர் அவர் எதிரிலேயே சொன்னார். எனக்குத் தண்டனை தனி. மாவட்டத்துத் தாளாளர்கள் எல்லாரும் கூடுகிற கூட்டத்தில், இந்த அம்மா அளவு குறைக்கிறவர் என்று சொல்லிவிடுவாராம். வியாபாரிகளே, உங்களுக்குத் தெரியும். விலை அதிகம் சொல்கிறாள் என்றால் பெருமை. கடன் வசூலில் கறார் என்றால் அதுவும் பெருமை. அளவில் கை வைக்கிறாள் என்ற பேர் மட்டும் ஒரு தடவை வந்துவிட்டால், அதற்குப் பிறகு கதவைத் தட்ட ஒரு வாசல் மிஞ்சாது. "அய்யா, அது மாறிலி, நான் எப்படி அதுல கை வைக்க முடியும்?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

"மாறிலி மாறாதுன்னு மிஸ்ஸே சொல்லுது, அப்ப மாறினது நீங்கதானம்மா?"

குவாரி விளக்கு

தாளாளர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அளவு குறைந்தால் சரக்கைக் கூட்டிப் போட வேண்டும் என்று முடிவு செய்து, குவாரியிலிருந்து ஒரு ஃபோகஸ் லைட்டை இறக்கிவிட்டார். மலையையே பகலாக்குகிற விளக்கு அது. வெளிச்சத்தைக் கூட்டினால் எலக்ட்ரான் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் வேகமும் கூடாது, குவாண்டத்தின் அடிப்படையே அதுதான் என்று மிஸ் சொல்லிப் பார்த்தார்.

"அதென்ன மிஸ், ஆளைக் கூட்டினா வேல கூடாதா?"

"ஆளு கூடும் சார். ஆளோட பலம் கூடாது. சோம்பேறி எத்தன பேர் வந்தாலும் சோம்பேறிதான்."

"எங்கிட்ட வேல பாக்கட்டும், நான் கூட்டிக் காட்டுறேன்."

விளக்கைப் போட்டதும் லேப் மொத்தமும் வெள்ளைவெளேர் என்று ஆனது. பல்லி ஒன்று சுவரிலிருந்து தொப்பென்று விழுந்தது. வேர்த்து ஊற்ற ஊற்ற மிஸ் அளந்தார். நாலு புள்ளி ரெண்டு! கூடவில்லை, இன்னும் குறைந்துவிட்டது. மிஸ்ஸுக்கே புரியவில்லை, இவ்வளவு குறைய நியாயமில்லையே என்று நகத்தைக் கடித்தார். தாளாளர் விளக்கை அணைத்துவிட்டு என்னையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பாறையவே தொறந்து காட்டுற லைட்டும்மா இது, இதையும் முழுங்கிட்டு அளவைக் கொறைக்குதுன்னா பொட்டிக்குள்ள நீங்க ஆளு வச்சிருக்கீங்க."

கடைக்காரர் வாக்குறுதி

இந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டிவி வாங்க வேண்டும் என்றார். புதுக்கோட்டையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் 'குவாண்டம்' என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே அடிவயிறு எரிந்த காலம். இருந்தாலும் தொழில் தொழில்தானே? விலையைக் கேட்டேன், பாதிக்குக் கேட்டேன், கோபித்துக்கொண்டு வாசல்வரை போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்தேன். இப்படி ஓர் அவமானம் எனக்கு நடந்ததே இல்லை.

"இதுல அப்படி என்ன குவாண்டம் இருக்கு?" என்று கடை விற்பனையாளரை மிரட்டினேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகள் இருக்கின்றன, மணி பெரிதானால் சிவப்பு, சிறிதானால் நீலம் என்று ஒப்பித்தார். "எனக்கேவா சொல்றே? நான் அன்னவாசல். காலேஜுக்கெல்லாம் குவாண்டம் சப்ளையே நான்தான்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. குளத்தூர்ப் பக்கத்துத் தாளாளர் போன வாரம்தான் அங்கே ஏ.சி. வாங்க வந்து என் கதையையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விற்பனையாளர் என் பக்கம் குனிந்து, தைரியம் சொல்கிற குரலில் சொன்னார்.

"நம்ம கடையில அந்தப் பயம் வேணாங்கக்கா, கம்பெனி என்ன போட்டிருக்கானோ அந்தக் குவாண்டம் முழுசா இருக்கும், நாங்க கொறைக்க மாட்டோம்."

ஒரே ஒரு தட்டு

குழு வருகிற அன்று என்னையும் வந்து நிற்கச் சொல்லியிருந்தார் தாளாளர், நேருக்கு நேர் பதில் சொல்ல. லேபுக்கு இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல்கள். குழுவுக்குக் காற்றோட்டம் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார். வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, "பிளாங்க் மாறிலி எடுத்துக் காட்டுங்கம்மா" என்றார். மிஸ் நிறக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். கோடு போட்டார். அதே அஞ்சு புள்ளி ஒண்ணு. "இவ்வளவு கொறையுதே, என்ன காரணம்?" என்று பெரியவர் கேட்டதுதான் தாமதம், மிஸ் வாயைத் திறக்குமுன் தாளாளர் முந்திக்கொண்டார். "எங்க பக்கம் தப்பில்ல சார். சப்ளையே கம்மி. இந்தா நிக்கிறாங்க பாருங்க, இவங்கதான் அளவு கொறைச்சவங்க."

வெளியூர்க்காரர் முன்னால் அந்த வார்த்தை. எனக்குக் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. "யாரு அளவு கொறைச்சது? மடியில வச்சுப் பிள்ளை மாதிரி கொண்டுவந்து சேத்தேன்! ஜல்லியோட மண்ணைக் கலந்து லாரி ஏத்துறவரு என்னையச் சொல்றீங்களா?" என்று கத்திக்கொண்டே பெட்டியின் கறுப்பு மூடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். எனக்கு அப்போதுதான் கம்பெனிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து உயிர் போய்விட்டது. பல்பு உடையவில்லை. மூடி ஒரு நூல் அளவு கீழே இறங்கியிருந்தது, விளிம்பிலிருந்து காய்ந்த சந்தனப் பொருக்கு ஒன்று மேஜையில் விழுந்து கிடந்தது. "ஐயோ, பொட்டு!" என்றார் முத்துக்கருப்பன் அண்ணன். மிஸ் பொருக்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், திறந்து கிடந்த ஜன்னலைப் பார்த்தார். "சார், ஒரே ஒரு தடவை மறுபடி எடுத்துக்கிறேன்" என்றார். ஆறு புள்ளி ஆறு.

சந்தனம் சிமெண்ட் மாதிரி காய்ந்து மூடியைத் தூக்கி வைத்திருந்தது, அந்த இடுக்கு வழியாக ஜன்னல் வெளிச்சம் நுழைந்து எல்லா நிறத்தோடும் கலந்துவிட்டது, குவாரி விளக்கு போட்டபோது இன்னும் அதிகமாக நுழைந்தது என்று மிஸ் மூச்சு விடாமல் சொன்னார். மூத்தவர் பொருக்கை எடுத்து முகர்ந்து பார்த்து, நல்ல சந்தனம் என்றார். இந்த லேபில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றும் சொன்னார். மிஸ் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். குழுவை வழியனுப்பிவிட்டு வந்த தாளாளர் என்னை ஜன்னலோரம் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அளவு சரியா இருக்குன்னு கூட்டத்துல நானே சொல்லிர்றேம்மா, வழியில சிந்துன ஒரு பாயிண்டுகூட வந்து சேந்திருச்சு, ஆனா ஒரு தட்டுல எடுத்துக் குடுக்குறீங்கன்னா, அந்த ஒன்னரைய இம்புட்டு நாளா எங்கதான் ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மாறாத எண் ஒன்று இருப்பது உண்மைதான், ஆனால் நான் பார்த்தவரை அதைக் காசு கொடுத்து வாங்கியவர் கைக்குப் போனதும் அது எப்போதுமே கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது.